ஓரத்தை உரசும் பந்துக்குப் பேஸ்பால் நடுவர் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்?

வெளியே போனதாகத் தெரிந்த பந்துக்கு நடுவர் ஸ்ட்ரைக் (மட்டையாளருக்கு எதிராக எண்ணப்படும் பந்து) கொடுத்தது எப்படிச் சரியாகும் என்று ராயபுரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வைடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சந்தேகம் எழுவது இயல்பே.

மட்டையாளர் அருகே தரையில் பதித்திருக்கும், 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட் என்ற தட்டுக்கு மேலே, மட்டையாளரின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து, தோளுக்கும் இடுப்புக்கும் நடுமட்டம் வரை உள்ள வெளிதான் ஸ்ட்ரைக் எல்லை. பந்தின் ஓரம் அதில் பட்டாலே ஸ்ட்ரைக். ஆகவே, வளைந்து வரும் பந்து பிளேட்டின் முன்மூலைக்கு மேலே எல்லையை உரசிவிட்டு விலகிப்போய், கேட்சரின் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) கையுறையில் வெகுதூரம் தள்ளி விழுந்தாலும் அது ஸ்ட்ரைக்தான்; எங்கே பிடிபட்டது என்பது கணக்கில் இல்லை.

நடுவர் கேட்சருக்குப் பின்னால், மட்டையாளர் பக்கமாக ஒதுங்கி நிற்பதால், மட்டையாளரிடமிருந்து விலகிய வெளிப்பக்கத்தின் தாழ்ந்த மூலைதான் அவருக்கு மிகவும் கடினமானது. வேகப்பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது. அதற்குள் கேட்சர் கையுறையை மெல்ல உள்ளே நகர்த்தி, பந்து எல்லைக்குள் வந்ததாகக் காட்டவும் முயல்வார், அது விதிமீறலும் அன்று. அதனால்தான் தேர்ந்த நடுவர் தலையை அசைக்காமல், கண்ணால் மட்டும் பந்தைக் கையுறை வரை தொடர்ந்து, ஒரு கணம் பொறுத்த பிறகே கை உயர்த்துகிறார். அந்த ஒரு கணப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2026 முதல் அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கில் மட்டையாளர், பந்துவீச்சாளர், கேட்சர் ஆகிய மூவரில் ஒருவர் உடனே தலையைத் தட்டி, கேமராக்கள் கணிக்கும் தீர்ப்பைக் கோரலாம்.