செல்லுலாய்டும் யானையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளாஸ்டிக் பற்றிய உங்கள் கட்டுரையில் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். தந்தத்தில் செய்யும் பிலியர்ட்ஸ் பந்துக்காக யானைகள் கொல்லப்பட்ட காலத்தில், பத்தாயிரம் டாலர் பரிசுக்காக ஜான் வெஸ்லி ஹையாட் என்ற அமெரிக்கர் அதைக் கண்டுபிடித்தார், யானைகள் தப்பின, ஆனால் பந்துகள் மோதும்போது வெடித்தன என்று ஒரு காணொளியில் கேட்டேன். எவ்வளவு உண்மை? இன்னொன்று, பாட்டியின் பெட்டியில் ஆமையோட்டு நிறத்தில் பழைய சீப்பு ஒன்று கிடைத்தது. அது செல்லுலாய்டுதானா என்று எப்படிப் பார்ப்பது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பரிசு அறிவிப்பு உண்மை. பிலியர்ட்ஸ் சாமான்கள் விற்ற ஃபீலன் அண்ட் கொலெண்டர் நிறுவனம் தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கென்று 1860களில் அப்படி அறிவித்தது. ஆல்பனி நகரில் அச்சுத்தொழில் செய்துகொண்டிருந்த ஹையாட் அதைப் பார்த்துத்தான் இறங்கினார். பணம் அவர் கைக்கு வந்ததாகப் பதிவில்லை.

ஆனால் வெடித்த பந்து செல்லுலாய்டு அல்ல. பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் தோய்த்தால் வெடிபஞ்சு வரும் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷான்பைன் 1846 வாக்கில் காட்டினார். அதிலேயே வீரியம் குறைந்த வகையை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன். காயத்தின் மேல் தடவுவார்கள், புகைப்படத் தகட்டிலும் பூசுவார்கள். ஹையாட்டின் முதல் பந்துகள் வேறு பொருளில் உருட்டி, மேலே கொலோடியன் பூசியவை. அந்தப் பூச்சு ஏறக்குறைய முழுக்க நைட்ரோசெல்லுலோஸ், அதாவது அமிலத்தில் தோய்த்த அந்தப் பஞ்சு. சுருட்டு நெருப்பு பட்டால் பற்றிக்கொள்ளும், பலமாக மோதினால் சில சமயம் பொட்டுவெடி போலச் சத்தம் வரும். கொலராடோவில் மதுக்கடை வைத்திருந்த ஒருவர் எழுதினாராம்: சத்தம் எனக்குப் பெரிதில்லை, ஆனால் சத்தம் கேட்டதும் அறையில் இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியை உருவுகிறார்கள். இதைச் சொன்னவர் ஹையாட்டேதான், 1914இல் வேதியியலுக்கான பெர்க்கின் பதக்கம் வாங்கிய மேடையில், 76 வயதில். கொஞ்சம் கைச்சரக்கும் இருக்கலாம். இருக்கட்டும்.

உண்மையான கதை சூடத்தில் இருக்கிறது. பர்மிங்ஹாமின் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862 லண்டன் கண்காட்சியிலேயே நைட்ரோசெல்லுலோஸில் செய்த சீப்பும் பொத்தானும் வைத்து வெண்கலப் பதக்கம் வாங்கிவிட்டார். 1866இல் கம்பெனி தொடங்கினார், 1868இல் மூடினார். விலையைக் குறைக்க மட்டமான மூலப்பொருள் போட்டார், கரைப்பான் ஆவியாக ஆவியாகச் சாமான் கோணிக்கொண்டது, விரிசல் விட்டது. கற்பூரத்தையும் சேர்த்துப் பார்த்தவர்தான், ஆனால் பல சேர்மானங்களில் ஒன்றாக. ஹையாட்டும் அண்ணன் ஐசாயாவும் கற்பூரத்தையே கரைப்பானாக ஆக்கினார்கள். அரைத்த நைட்ரோசெல்லுலோஸ் கூழோடு பொடித்த கற்பூரத்தைக் கலந்து, தண்ணீரைப் பிழிந்து, அச்சில் இட்டுச் சூடாக்கி அழுத்தினால் கற்பூரம் உருகி எல்லாவற்றையும் ஒரே திண்மமாகப் பிடித்துக்கொள்ளும். ஆறிய பிறகும் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும், அதனால் சாமான் சுருங்காது. இதுதான் செல்லுலாய்டு. காப்புரிமை 1870 ஜூலை 12.

வெடிபஞ்சின் உறவுக்காரப் பொருளைச் சூடாக்கி அழுத்துவது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு பேராசிரியர் வந்து எச்சரித்தார். சூடு கொஞ்சம் மிஞ்சினால் நீங்களும் இருக்க மாட்டீர்கள், கட்டடமும் இருக்காது, பக்கத்துக் கட்டடமும் போகும் என்றார். மறுநாள் மதிய உணவு நேரத்தில் ஹையாட் நான்கு அங்குலத் தடிமனுள்ள பலகையைத் தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தினார். ஒருபுறம் நீரழுத்த இயந்திரம், மறுபுறம் கைப்பம்போடு அவர். கலவை நிச்சயம் பற்றும் என்று தெரிந்தே அச்சை 260 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அழுத்தினார். அச்சின் இடுக்குகளில் வாயு சீறிக்கொண்டு வந்தது, அறை முழுக்கக் காரப்புகை. அச்சு, இயந்திரம், கட்டடம், தான் எல்லாம் அப்படியே இருந்ததாகவும், பேராசிரியருக்குத் தெரிந்த அளவு தனக்குத் தெரியாமல் போனதில் மகிழ்ச்சி என்றும் அதே மேடையில் சொன்னார். எனக்கு மதுக்கடைத் துப்பாக்கியைவிட இந்தப் பலகைதான் பிடித்திருக்கிறது.

கற்பூரம் சேர்க்கும் யோசனை யாருடையது என்று வழக்கும் நடந்தது. பார்க்ஸிடம் வேலை பார்த்த டேனியல் ஸ்பில் அமெரிக்காவில் ஹையாட் தரப்பின் மேல் வழக்குப் போட்டார். 1880இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த நீதிபதி பிளாட்ச்ஃபோர்டே 1884இல் அதை மாற்றினார். ஸ்பில்லுக்கு முன்பே பார்க்ஸ் அதைச் சொல்லிவிட்டார் என்பது வாதம். பார்க்ஸுக்கு அதனால் காலணா வரவில்லை.

யானைகள் தப்பவில்லை. பெரிய பந்தயங்களில் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் தந்தப் பந்துதான் உருண்டது. பியானோக் கட்டைகளுக்குத் தந்தம் வந்துகொண்டே இருந்தது. ஹையாட்டின் நியூவார்க் தொழிற்சாலை சம்பாதித்தது சட்டைக் காலரிலும் சீப்பிலும். யானைக்கும் ஆமைக்கும் செல்லுலாய்டு ஓய்வு கொடுத்துவிட்டது என்று 1878இல் விளம்பரப் புத்தகம் போட்டது அந்தக் கம்பெனியேதான். உங்கள் காணொளி அதன் பேரப்பிள்ளை. கற்பூரத்துக்காகத் தைவானின் மலைக்காடுகளில் வெட்டிச் சாய்த்த மரங்களையும், அந்தக் காடுகளுக்காக மலைவாசிகளோடு நடந்த சண்டைகளையும் யாரும் விளம்பரத்தில் போடவில்லை. 1899இல் தைவானை ஆண்டுகொண்டிருந்த ஜப்பானிய அரசு அங்கே கற்பூரத்தைத் தன் ஏகபோகமாக்கியது.

சீப்புக்கு வருகிறேன். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் சில விநாடி காட்டி உடனே முகர்ந்து பாருங்கள். சூட வாடை வந்தால் செல்லுலாய்டு. காடி வாடை என்றால் அசிட்டேட் என்ற வேறு பிளாஸ்டிக், பால் தீய்ந்தது போல இருந்தால் பால் புரதத்தில் செய்த கேசீன். செல்லுலாய்டு என்றால் துடைத்து உலர்த்தி, காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வெயில் படாமல் வையுங்கள். நகைகளோடு வைக்க வேண்டாம், நாட்பட்ட செல்லுலாய்டு விடும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். பிசுபிசுப்போ வலைபோன்ற விரிசலோ தெரிந்தால் மற்ற பொருட்களிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். பூஜை அறை அலமாரி வேண்டவே வேண்டாம்.