நிரல்வழிக் கற்றல் அறிவியல் பாடத்துக்கு எடுபடுமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: உளவியலாளர் ஸ்கின்னர் சொன்ன நிரல்வழிக் கற்றல் வழக்கமான வகுப்பை விட உண்மையிலேயே மேலா?

பதில்: ஆகா ஓகோ என்றெல்லாம் சொல்ல முடியாது. சின்னச் சின்னச் சட்டகங்கள் (துளிப் பாடமும் ஒரு கேள்வியும்; இவற்றின் தொடர்தான் நிரல்), ஒவ்வொன்றிலும் மாணவரே ஒரு விடை எழுதுவது, எழுதிய கையோடு சரியா தப்பா என்று பார்த்துக்கொள்வது, அவரவர் வேகம் என்று 1950களில் அவர் முன்வைத்த முறை இது. பின்னால் கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் குலிக் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள்: கல்லூரியில் (1980) சிறிய முன்னேற்றம், உயர்நிலைப் பள்ளியில் (1982) சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. சராசரி என்றால் நல்ல நிரலும் மட்டமான நிரலும் சேர்ந்துதான் வரும், அதையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: என் மாணவர்கள் கோடிட்ட இடங்களையெல்லாம் சரியாக நிரப்புகிறார்கள், தேர்வில் கோட்டை விடுகிறார்கள். ஏன்?

பதில்: உங்கள் சட்டகம் இப்படித்தானே இருக்கும்? "விசை = நிறை × முடுக்கம். நிறை 2 கிலோ, முடுக்கம் 3 மீ/வி² என்றால் விசை ____." இதில் விசை, நிறை, முடுக்கம் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் பெருக்கல் குறியையும் இரண்டு எண்களையும் மட்டும் விட்டுவையுங்கள், அப்போதும் 6 என்று எழுதிவிடுவார்கள். இயற்பியல் பக்கமே போகவில்லை! உளவியலாளர் ஜேம்ஸ் ஹாலண்ட் 1960களில் இப்படி மறைத்துப் பார்த்துத்தான் நிரலின் தரத்தை அளந்தார். விடை மாறாமல் எவ்வளவு மறைக்க முடிகிறதோ அவ்வளவும் வீண்.

கேள்வி: எல்லோரும் ஒரே வரிசையில் போகும் நேர்வரிசை நிரலா, விடைக்கு ஏற்பப் பாதை பிரியும் கிளை நிரலா?

பதில்: சமன்பாட்டைச் சமன்செய்வது, அலகு மாற்றுவது போன்றவற்றுக்கு நேர்வரிசை போதும். கருத்து புரிய வேண்டிய இடத்தில் என் ஓட்டு நார்மன் க்ரௌடரின் கிளை முறைக்குத்தான். மேசையை 6 நியூட்டன் விசையால் கிடையாகத் தள்ளியும் நகரவில்லை, உராய்வு எவ்வளவு என்று கேளுங்கள். "நகரவில்லையே, அப்போ 6ஐ விட அதிகம்" என்று தேர்ந்தெடுக்கும் பிள்ளையை அந்தத் தவறுக்கென்றே எழுதிய பக்கத்துக்கு அனுப்பலாம்: உராய்வு அதிகமென்றால் மேசை உன்னை நோக்கி வந்திருக்க வேண்டுமே, வந்ததா? நேர்வரிசையில் தப்பே வராதபடி கைபிடித்துக் கூட்டிப்போவதால் இந்தக் குழப்பம் வெளியே தலைகாட்டாமலே போய்விடும்.

கேள்வி: ஆய்வகத்துக்குப் பதிலாக வைக்கலாமா?

பதில்: கூடாது. செய்முறைக்கு முன் படித்துவிட்டு வரச் சொல்லலாம், அவ்வளவுதான். திரவத்தை அளந்து விடும் குழாயான ப்யூரெட்டைச் சொட்டுச் சொட்டாகத் திறக்கக் கை பழக வேண்டும்.

கேள்வி: ஆய்வேட்டுக்கு முன்தேர்வு, பின்தேர்வு, ஒப்பிட நிரல் படிக்காத கட்டுப்பாட்டுக் குழு வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: பாதிக் கிணறு. இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தீர்களா? பின்தேர்வில் சட்டகத்தில் வந்த கேள்விகளையே கேட்டால் நிரல் படித்தவர்கள்தான் ஜெயிப்பார்கள், அதில் என்ன அதிசயம்? புதுக் கணக்குகள் கொடுங்கள். சில வாரம் கழித்துச் சொல்லாமல் இன்னொரு தேர்வு வையுங்கள், புதுசு என்பதால் வந்த உற்சாகம் அடங்கிய பிறகும் வித்தியாசம் நின்றால் தைரியமாக எழுதலாம்.