எகிப்தில் ஹுர்கதாவிலிருந்து ஒரே நாளில் லக்சர் போய்வரலாமா? அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு

போய்வரலாம். அம்மாவை ஓட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்றுதான் உள்ளுக்குள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் யோசித்தேன், அதனால்தான் எழுதுகிறேன். விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு டிசம்பரில் நான், வீட்டுக்காரர், 71 வயது மாமியார் மூவரும் போனோம். விடியற்காலை நாலரைக்கு ஓட்டல் வாசலில் பஸ். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், மிச்சத்தில்தான் கர்னாக் கோயில், நைலுக்கு அந்தப் பக்கம் ஹட்ஷெப்சுட் என்ற அரசியின் கோயில், பழைய அரசர்களின் கல்லறைகள் இருக்கும் அரசர்களின் பள்ளத்தாக்கு எல்லாம். லக்சருக்கு மூணு நாளாவது வேண்டும் என்று கீழே யாராவது வந்து எழுதுவார்கள். வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை, லீவு யார் தருவது?

கர்னாக்கில் 134 தூண் மண்டபத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். நடுவில் நிற்கும் 12 தூண்கள் மட்டுமே 21 மீட்டர் உயரம், அண்ணாந்து பார்ப்பதற்குள் வழிகாட்டி கொடியை ஆட்டிவிட்டார். அதே மனிதர் மதியம் ஒரு அலபாஸ்டர் கல் கடையில் டீ கொடுத்து முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். அந்தக் கல்லில் பார்க்க வேண்டியது என்றால் எகிப்திய அரசர் முதலாம் சேத்தியின் சவப்பெட்டி. 1817-இல் பெல்சோனி என்ற இத்தாலிக்காரர் சேத்தியின் கல்லறையைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் பெட்டி லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டது, கடையில் இருப்பது பூனை பொம்மை. பணம் கட்டும் முன்பே கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று பேசிவிடுங்கள்.

பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறை பார்க்கலாம். நாங்கள் போனபோது 750 எகிப்திய பவுண்டு. சேத்திக்குத் தனியாக 2000, துட்டன்காமனுக்கு 700, ஆறாம் ராம்சேஸுக்கு 220. தெரிந்த பெயர் என்று வீட்டுக்காரர் துட்டன்காமனுக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். அது சின்ன இடம். மம்மி அங்கேதான் இருக்கிறது, ஆனால் 1922-இல் கல்லறையைக் கண்டுபிடித்த பிறகு எடுத்த தங்கமெல்லாம் கெய்ரோ பக்கம்.

நானும் மாமியாரும் ராம்சேஸுக்குப் போனோம். உள்ளே நேராக இறங்கும் சரிவு, மரப்பலகையில் நடக்கலாம், கைப்பிடி உண்டு. சுவரில் அந்தக் காலத்திலேயே சுற்றிப்பார்க்க வந்த கிரேக்கர்கள் பெயர் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசி அறைக் கூரை முழுக்க வானத்துப் பெண்தெய்வம் நூட், இரண்டு உருவமாக, முதுகோடு முதுகு. சாயங்காலம் சூரியனை விழுங்கி, ராத்திரி முழுக்க உடம்புக்குள் வைத்திருந்து, காலையில் பெற்றெடுக்கிறாள். இதைச் சொன்னதும் மாமியார் அண்ணாந்தபடியே, "தினமுமா?" என்றார்.

மேலே ஏறி வரும்போது மூச்சு வாங்கியது எனக்குத்தான், அவருக்கு இல்லை. காரணம் இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் நின்று அப்போதே எட்டு மாதம், நாங்கள் மூணாவது மாடி, காய்கறிக்காரர் வந்தால்கூட மாமியார் இறங்கி ஏற வேண்டும். பராமரிப்புப் பணம் மட்டும் ஒன்றாம் தேதி டாணென்று கேட்பார்கள், லிஃப்ட் பற்றிக் கேட்டால் பார்ட்ஸ் வரணுமாம். மூவாயிரம் வருஷத்துக் கல்லறையில் கைப்பிடி போட முடிகிறது, எங்கள் மாடிப்படியில் பாதிக் கம்பி இல்லை. சரி, அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

உங்கள் அம்மாவுக்கு: பள்ளத்தாக்கு வாசலிலிருந்து கல்லறைகள் வரை சின்ன மின்வண்டி ஓடுகிறது, அதற்கும் சீட்டு வாங்கிவிடுங்கள். ஹட்ஷெப்சுட் கோயிலின் சரிவுப்பாதைதான் வெயிலில் நீளமான ஏற்றம், முடியாவிட்டால் அதை விட்டுவிடலாம், கீழிருந்தே நன்றாகத் தெரியும். கழிப்பறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.