பேஸ் கிட்டார் ஒலி கூட்டத்தில் காணாமல் போகிறதா? பிக்கப் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: சர்ச்சில் பேஸ் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது விலை குறைந்த, ஜாஸ் பேஸ் அமைப்பில் செய்த நாலு கம்பி கிட்டார். வீட்டில் தனியாக வாசித்தால் அருமையாக இருக்கிறது. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்துவிட்டால் என் சத்தம் இருக்கிற இடமே தெரிவதில்லை. பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் கட்டியிருக்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்தால் இரைச்சல் வேறு. கிட்டாருக்குள் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் ப்ரீஆம்ப் போடலாமா, நல்ல பிக்கப் வாங்கலாமா? பிரெசிஷன் பேஸில் வரும் அந்தத் தடித்த ஒலி இதில் வருமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் பிரச்சினையில் பாதி, இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து வாசிப்பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள் இரண்டும், முழுதாகத் திறந்திருக்கும்போது, ஒரே கம்பியின் அதிர்வை இரண்டு வேறு வேறு இடங்களிலிருந்து கேட்டுச் சேர்க்கிறோம். சில அதிர்வெண்கள் அந்த இரண்டு இடங்களிலும் எதிரெதிர் திசையில் அசைவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, அதுவும் பெரும்பாலும் நடுப்பகுதியில், அதாவது கூட்டத்தில் பேஸைக் காதுக்குக் கொண்டுவருகிற அதே பகுதியில். கீழ்ப்பகுதியும் மேல்பகுதியும் தூக்கலாக மிஞ்சும். தனியாகக் கேட்க அது அழகுதான், ஆனால் கீழ்ப்பகுதியைக் கிக் டிரம்மும் கீபோர்டுக்காரரின் இடது கையும், மேல்பகுதியைச் சிம்பலும் பிடித்துக்கொண்டால் உங்களுக்கு என்ன மிச்சம்?

அடுத்த ஆராதனையில் ஒரு காரியம் செய்யுங்கள். நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பை முழுதாக வைத்து, பிரிட்ஜ் பக்கத்து வால்யூமை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், பாதி வரை போக வேண்டாம். நடுப்பகுதி திரும்பி வருவது உடனே தெரியும். கொஞ்சம் இரைச்சலும் வரும், அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

பிரெசிஷன் ஒலி ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெண்டர் கம்பெனியின் பிரெசிஷன் பேஸ் 1951-இல் வந்தது. இன்று நாம் பார்க்கிற, இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் அதில் ஏறியது 1957-இல். அந்த இரண்டு துண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டுத் தொடராக இணைக்கப்பட்டவை, அதனால் ஹம் (மின்சாரத்திலிருந்து வரும் உறுமல்) தானாகவே அடங்குகிறது, நடுப்பகுதியும் தடிக்கிறது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள் இணையாக இணைக்கப்பட்டன. ஒலி தெளிவாகவும் மெலிதாகவும் இருப்பது அதனால்தான். பிக்கப்பின் பிராண்டை விட அது கம்பிக்கு அடியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பவைதான் முதலில் பேசும். பிரிட்ஜ் அருகில் கம்பியின் அசைவு சிறியது, அடிப்படை ஸ்வரம் அங்கே பலவீனமாகவும் மேல் ஹார்மோனிக்குகள் அதை ஒப்பிட்டால் பலமாகவும் இருக்கும். புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் அந்த மூக்கொலி பெரும்பாலும் பிரிட்ஜ் பிக்கப்பிலிருந்து வந்தது. எவ்வளவு விலை கொடுத்து பிக்கப் வாங்கினாலும் கிட்டார் உடலில் வெட்டிய அந்தக் குழியில் உட்கார்ந்தால் அந்தக் குழியின் ஒலிதான் வரும்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் ஜி 49 ஹெர்ட்ஸ், நாலாவது ஃப்ரெட் ஜி ஷார்ப் கிட்டத்தட்ட 52. அந்த இரண்டுக்கும் நடுவில் ஹம் வந்து உட்கார்ந்துகொள்வதால் ஈக்வலைசரில் அதை வெட்டினால் உங்கள் ஸ்வரத்தையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் தனியாக வேலை செய்தால் ஹம் வரத்தான் செய்யும். இரண்டும் ஒரே அளவில் திறந்திருக்கும்போது ஒன்றின் சுற்றும் காந்தமும் மற்றதற்குத் தலைகீழாக இருப்பதால் ஹம் அடங்குகிறது, ஒன்றைக் குறைத்தால் அந்தச் சமநிலை போகிறது. உங்கள் கிட்டாரில் இரண்டையும் முழுதாகத் திறந்தும் ஹம் குறையவில்லை என்றால், தலைகீழாக இல்லாத ஒரே மாதிரிப் பிக்கப்கள் இரண்டைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மலிவான கிட்டார்களில் இது நடக்கிறது.

அப்புறம் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜுக்குப் போகிற எர்த் வயர் சரியாக இருக்கிறது, இரைச்சலைத் தடுக்கும் கவசம்தான் போதவில்லை. தொட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்த வயர் விட்டுப்போயிருக்கும், ஒரு துளி சால்டரில் தீரும். கவசத்துக்குக் குழிக்குள் காப்பர் டேப் ஒட்டி, துண்டுகளை ஒன்றோடொன்று சால்டர் செய்து, எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். ஜாக்கின் முனை டேப்பில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இடித்தால் சத்தமே வராது.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தால் அது கிட்டார் வேலை இல்லை, மண்டபத்தின் வயரிங்கிலோ ஆம்ப்ளிஃபயரிலோ கோளாறு. இரைச்சலை நிறுத்துகிறேன் என்று ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதையோ வெட்டுவதையோ யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உயிர் போகிற விஷயம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்போது பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு, இதிலிருந்து ஆரம்பிக்கலாம். சத்தம் வேண்டும் என்று ஸ்க்ரூவைத் திருப்பி மேலே ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர். மிகவும் நெருங்கினால் காந்தம் கம்பியை இழுக்கும், ஸ்வரம் அலைந்து, டியூனரே குழம்பும். பிரிட்ஜ் பிக்கப்பை நெக் பிக்கப்பை விடச் சற்று உயர்த்தினால் இரண்டின் பலமும் சமமாகும். ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான் செலவு. கம்பியையும் இதோடு பார்த்துவிடுங்கள். மோடவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் அந்த ஆழ்ந்த ஒலியில் பிரெசிஷன் பேஸுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அவர் லேசில் மாற்றாத, மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் கம்பிகளுக்கும் உண்டு. உங்களுக்கு வேண்டியது தடிப்புதான் என்றால், பிக்கப்புக்கு முன்னால் ஒரு செட் ஃப்ளாட்வூண்ட் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இதற்கெல்லாம் பிறகும் போதவில்லை என்றால் நான் செய்யச் சொல்வது சீரீஸ், அதாவது தொடர் இணைப்பு. வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) ஒன்றைக் கழற்றிவிட்டு இழுத்தால் ஸ்விட்சாக மாறுகிற புஷ்-புல் பாட் போட வேண்டும். குமிழ் கீழே இருந்தால் வழக்கமான ஜாஸ் பேஸ், இழுத்தால் இரண்டு பிக்கப்பும் தொடராகி ஒன்றாக வேலை செய்யும். சத்தம் கூடும், நடுப்பகுதி தடிக்கும், மேல்பகுதி சற்று மங்கும், பிக்கப்கள் ஒன்றுக்கொன்று தலைகீழானவை என்றால் ஹம்மும் அடங்கும். அச்சு அசல் பிரெசிஷன் ஒலி என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் பிக்கப் இருக்கும் இடம் மாறவில்லை. ஆனால் கூட்டத்தில் உங்கள் ஸ்வரம் கேட்கும். இழுத்த நிலையில் இரண்டு வால்யூமும் தனித்தனியாக வேலை செய்யாது, ஒன்றுதான் மொத்தத்துக்கும், அதைத் தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

பாட் வாங்கும்போது 250 கிலோ ஓம் கேளுங்கள். 500 போட்டால் மேல்பகுதி கூடுதலாகக் கூர்மையாகும், உங்களுக்கு அது வேண்டாம். குமிழின் தண்டையும் துளையையும் முன்பே அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க அளவு பாட்டின் கழுத்து பெரியது, மலிவான கிட்டார்களில் உள்ள துளையில் அது நுழையாது, தகட்டை அரம் வைத்து விரிக்க வேண்டிவரும். டோன் குமிழில் இருக்கும் கண்டன்சர் 0.047 மைக்ரோ ஃபாரட் வழக்கமான அளவு, 0.1 போட்டால் டோனை மூடும்போது இன்னும் இருட்டாகும். டோனை முழுதாகத் திறந்து வைத்து வாசிப்பவருக்கு அந்த அளவு மாறினாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பழைய காலத்துக் கண்டன்சர் என்று சொல்லி அதிக விலைக்கு விற்பதை வாங்காதீர்கள், சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைப்பதும் அதே அளவாக இருந்தால் அதே வேலையைத்தான் செய்யும்.

பிக்கப் செத்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கிட்டாரைத் திறக்காமலே பார்க்கலாம். கேபிளைச் செருகி, ஒரு வால்யூமை முழுதாகத் திறந்து மற்றதை மூடி, கேபிளின் மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஜாஸ் வகைப் பிக்கப்புக்கு 7 கிலோ ஓம் பக்கத்தில் வந்தால் நல்லது. 100 கிலோ ஓமைத் தாண்டிக் காட்டினால் சுருளோ அதன் வயரோ அறுந்திருக்கிறது.

உண்மையிலேயே பிக்கப் மாற்ற வேண்டி வந்தால், அதே ஜாஸ் உறைக்குள் ஹம் அடக்கும் வகை கிடைக்கிறது, பிரிட்ஜ் பிக்கப்பைத் தனியாக வாசிக்க ஆசைப்படுகிற உங்களுக்கு அதுதான் பொருத்தம். நிலையான ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப் நெக் பிக்கப்பை விடச் சில மில்லிமீட்டர் நீளம், ஆனால் சில மலிவுக் கிட்டார்களில் இரண்டும் ஒரே நீளம், அதனால் உறையை அளக்காமல் காசு கொடுக்காதீர்கள். பொருத்திய பிறகு இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போது சத்தம் மெலிந்து கோடாக, அடிப்பகுதியே இல்லாமல் வந்தால் பயப்பட வேண்டாம், ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை இடம் மாற்றிச் சால்டர் செய்தால் சரியாகிவிடும். கழற்றும் முன் ஒவ்வொரு வயரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் முதுகில் சால்டர் பிடிக்க உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்து, 40 வாட் சால்டரிங் அயர்னால் சட்டென்று வேலையை முடியுங்கள், நேரம் இழுத்தால் பாட் உள்ளே வெந்துவிடும்.

ப்ரீஆம்ப்பைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அது பிக்கப் தந்ததைத்தான் பெரிதாக்கும், ஹம் இருந்தால் ஹம்மையும் சேர்த்து. 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸில் வந்த இரண்டு குமிழ் ப்ரீஆம்ப்பும், பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸுக்குள் போட்ட ப்ரீஆம்ப்பும் பேஸ் ஒலியையே மாற்றின, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் நல்ல பிக்கப்பும் தேர்ந்த கையும் இருந்தன. நீளமான கேபிளில் மேல்பகுதி தேய்ந்துபோவதை அது தடுக்கும் என்பது உண்மையான லாபம், பெரிய மேடைக்குப் போகும்போது யோசியுங்கள். வாங்கினால் கீழ், மேல் இரண்டு மட்டும் உள்ளதை விட்டுவிட்டு நடுப்பகுதிக்கும் குமிழ் உள்ளதாகப் பாருங்கள், உங்களுக்குக் குறைவது அதுதான். 9 வோல்ட் பேட்டரிக்குக் குழியில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் ஜாக்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவில் ஒலி கரகரத்து நின்றுவிடும்.