நன்றாக ஆடும் வீரரை ஹாக்கிப் பயிற்சியாளர் பாதியில் வெளியே அழைப்பது அவமதிப்பா?

இல்லை. சிங்கப்பூரின் தேக்காவில் தேநீர்க் கோப்பையோடு ஹாக்கி பேசும் நம்மவர்கள் பலர் இதைக் காற்பந்துக் கண்ணோடு பார்க்கிறார்கள். காற்பந்தில் வெளியே வந்தவர் திரும்ப முடியாது. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், பெனால்டி கார்னர் (கோல் அருகே தடுக்கும் அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் தாக்குதல் வாய்ப்பு) நேரம் தவிர. முன்கள வீரர் சில நிமிடங்கள் முழுமூச்சாக ஓடி, வெளியே வந்து தண்ணீர் குடித்து, மீண்டும் இறங்குவார். செங்காங் ஹாக்கி அரங்கின் புழுக்கத்தில் ஆடியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அணித் தேர்வுதான் உண்மையில் கடினம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு 16 பேர் மட்டுமே. அதனால்தான் இந்தியா ஸ்ரீஜேஷ் என்ற ஒரே கோல்கீப்பரோடு சென்றது. இன்னொருவரைச் சேர்த்திருந்தால் களத்தில் ஓடும் கால்கள் குறைந்திருக்கும். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் 17ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்றார். 40 நிமிடங்களுக்கும் மேலாக 10 பேரோடு போராடி ஆட்டத்தை 1-1 எனச் சமநிலையில் முடித்த இந்தியா, வெற்றியாளரை முடிவு செய்யும் ஷூட்அவுட்டில் 4-2 என வென்றது. அபாரமான ஆட்டம்! ஆனால் தடை காரணமாக அரையிறுதியில் அவர் இல்லை. பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து தடுப்பவர் இல்லாமல், 15 பேரோடு ஜெர்மனியிடம் 2-3 எனத் தோற்றோம். அன்று பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனை மட்டும் திட்டியது நியாயமே இல்லை.

பயிற்சியாளரைக் குறை சொல்ல வேண்டிய இடம் வேறு: நீக்கப்பட்ட வீரரிடம் காரணத்தை நேரில் சொல்லாமல், பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடுவது. அதை நான் மன்னிக்க மாட்டேன்.