ஆன்லைன் மல்டிபிளேயர் கேம்களுக்குக் கம்பெனிகள் மாதச் சந்தா வசூலிப்பது சரியா?

வசூலிக்கலாம், ஆனால் எல்லாக் கேமுக்கும் இல்லை. அரை மணி நேரம் ஒரு மேட்ச் ஆடிவிட்டு மூடிவைக்கிற பிஜிஎம்ஐ மாதிரி ஷூட்டருக்கு மாதச் சந்தா கேட்டால் நானே கட்டமாட்டேன். நாம் லாக் அவுட் செய்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிற உலகம், வருடக்கணக்கில் வளர்க்கிற கேரக்டர், கில்டு எனும் ஆட்டக்காரர் குழு, ஆக்‌ஷன் ஹவுஸ் எனும் ஏலச் சந்தை என்று இருக்கிற, ஏராளமானவர்கள் ஒரே உலகத்தில் ஆடும் எம்எம்ஓ வகைக்குத்தான் அது பொருந்தும்.

சர்வர் செலவுக்காக என்று பலர் காரணம் சொல்வார்கள். சர்வர் ஃப்ரீ கேமுக்கும்தான் ஓடுகிறது. எனக்குப் பெரிதாகப் படுவது, அடுத்த அப்டேட்டை கம்பெனி யாரை மனதில் வைத்துச் செய்கிறது என்பதுதான். ஃப்ரீ கேமில் பெரும்பாலானவர்கள் காசே தருவதில்லை, கொஞ்சம் பேர் கொட்டுகிறார்கள், அவர்களைத் திமிங்கிலங்கள் என்றே அந்தத் தொழிலில் சொல்வார்கள். அதனால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் கிரேட் பெட்டி, அதிர்ஷ்டச் சக்கரம் சுற்றும் ஸ்பின், இன்னும் இரண்டு நாளில் முடியப்போகும் ஈவென்ட் எல்லாமே அந்தச் சிலரின் பர்ஸைக் குறிவைத்துத்தான் வருகின்றன, மற்றவர்கள் அவர்கள் ஆடுவதற்குக் கூட்டம் சேர்க்கிறோம், அவ்வளவுதான். சந்தாக் கேமில் அந்தத் திமிங்கிலம் கட்டும் சந்தாவும் நான் கட்டும் சந்தாவும் ஒரே தொகை. சந்தாவை நம்பி ஓடுகிற ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற எம்எம்ஓவைப் பாருங்கள், 2013 இல் வந்ததிலிருந்து புது விஷயம் எது சேர்ப்பதானாலும் பெரும்பாலும் ஓட்டெடுப்புக்கு வைப்பார்கள், முதலில் 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்று இருந்தது, பிறகு 70 ஆக்கினார்கள். சந்தாதாரர்கள் ஒன்றாகக் கிளம்பிப் போய்விட்டால் வருமானமே போய்விடும் என்கிற பயம் இருப்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது.

சரி, அப்படியானால் ஏன் எல்லாக் கம்பெனியும் சந்தா வைக்கவில்லை? வைத்துப் பார்த்தார்கள். 2004 இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதம் 14.99 டாலர் வாங்கி 2010 இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டதும் ஆளாளுக்கு அதே ஆசை வந்தது. 2011 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ் தி ஓல்டு ரிபப்ளிக் ஒரு வருடத்துக்குள் ஃப்ரீ ஆனது. 2014 ஏப்ரலில் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் அடுத்த மார்ச்சில் கட்டாயச் சந்தாவைக் கைவிட்டது. அதே 2014 இல் வந்த வைல்டுஸ்டார் 2015 இல் ஃப்ரீ ஆகியும் பிழைக்காமல் 2018 இல் மூடப்பட்டது. காசு ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு ஆளால் ஒரே நேரத்தில் இரண்டு எம்எம்ஓவில் வாழ முடியாது, ஏற்கெனவே நண்பர்கள் இருக்கிற இடத்தை விட்டு யார் வருவார்கள்?

சந்தா வாங்குகிறவர்கள் எல்லாரும் யோக்கியம் என்று நான் சொல்லவரவில்லை. வார்கிராஃப்ட்டில் எக்ஸ்பான்ஷன் எனும் புதுப் பகுதிக்குத் தனிக்காசு, மாதச் சந்தா தனி, அதற்கு மேல் 2010 இல் ஒரு பறக்கும் குதிரையை 25 டாலருக்குக் கடையில் வைத்தார்கள், அதையும் வரிசையில் நின்று வாங்கினோம்! 2015 இல் வந்த டோக்கன் இன்னும் சாமர்த்தியம்: ஒருவர் 20 டாலருக்கு வாங்கி கேமுக்குள் புழங்கும் பணமான கோல்டுக்கு விற்பார், இன்னொருவர் அந்தக் கோல்டைக் கொடுத்து 30 நாள் ஆடுவார், கம்பெனிக்கு 15க்கு பதில் 20 கிடைக்கும். கையில் காசில்லாத மாணவனுக்கு அது ஒரு வழி என்பதையும் மறுக்கமுடியாது, ஆனால் அவன் பாதி நேரம் ஆடாமல் கோல்டு சேர்த்துக்கொண்டிருப்பான். சந்தா வாங்கினால் கடை இருக்கக்கூடாது, கடை வைத்தால் சந்தா இருக்கக்கூடாது என்பது என் கட்சி.

விலையும் ஒரு பிரச்சினை. 15 டாலர் என்றால் நமக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல், பல 84 நாள் மொபைல் ரீசார்ஜே அதைவிடக் குறைவு. அமெரிக்கச் சம்பளத்துக்குப் போட்ட விலையை இங்கே அப்படியே வைத்துவிட்டு இந்தியர்கள் காசு கட்டமாட்டார்கள் என்று புலம்புவது நியாயமில்லை.

கட்டுவதற்கு முன் ஆடிப்பார்க்க நினைத்தால் ஃபைனல் ஃபேன்டசி 14 நல்ல இடம். அதன் ஃப்ரீ டிரையலுக்கு நாள் கணக்கே கிடையாது, 2023 இல் லெவல் 70 வரை நீட்டினார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், முழு கேமுக்கு மாறிவிட்டால் அந்த அக்கவுண்ட் திரும்ப டிரையலுக்குப் போகாது. அப்புறம், அந்தக் கேமுக்குள் வீடு வாங்கிவிட்டு 45 நாள் எட்டிப்பார்க்காமல் இருந்தால் இடித்துவிடுவார்கள், சந்தா நிற்காமல் இருக்க அதுவும் ஒரு வழியாகிவிடுகிறது.