கார்ட்டூன் குருவி ட்வீட்டி முதலில் மஞ்சளாக இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1942இல் வார்னர் பிரதர்ஸ் படத்தில் பாப் கிளாம்பெட் அறிமுகப்படுத்திய ட்வீட்டி, இறகே முளைக்காத இளஞ்சிவப்புக் குஞ்சு. தன் குழந்தைப் பருவப் புகைப்படத்தைப் பார்த்தே வரைந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அம்மணமாகத் தெரிகிறது என்று தணிக்கையாளர்கள் ஆட்சேபித்த பிறகுதான் மஞ்சள் இறகு வந்தது.

கிளாம்பெட் விலகியதும் ஃப்ரிஸ் ஃப்ரீலெங் பொறுப்பேற்று, சில்வெஸ்டர் பூனையோடு ஜோடி சேர்த்தார். என்னைக் கேட்டால், ட்வீட்டி முழுமையடைந்தது அப்போதுதான். விடாமல் துரத்த ஒரு பூனை வந்த பிறகே அந்த அப்பாவி முகத்தின் சூட்சுமம் புரிகிறது. 1947இல் வந்த அந்த முதல் ஜோடிப் படமே ஆஸ்கர் வென்றது.

குருவி, பூனை இரண்டுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, மெல் பிளாங்க்! ட்வீட்டிக்காக அவர் பேசியதை வேகம் கூட்டி ஒலிக்கவிட்டார்கள். பலர் பெண் என்று நினைத்தாலும் ட்வீட்டி ஆண் குருவிதான்.